வெள்ளி மதியத்துச் சூடு

...இல்லை, இதையும் போட்டுத்தான் ஆகவேண்டும், ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் சொல்லிவைத்தாற்போல் அந்த ஒன்றில்தான் வந்து நிற்கும், வீட்டைப் பூட்டிக்கொண்டு கச்சேரி ரோடு முனை வரைக்கும் வந்த பிறகு காஸை மூடினோமா என்று ஒரு கேள்வி வருமே, அப்புறம் ட்வெல்வ் பி பஸ் வந்தால் என்ன போனால் என்ன, திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் மூச்சு வரும், அந்த மாதிரிதான் இதுவும்... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜஹனாரா திரையில் கடைசியாக விழுந்திருந்த பிழைச் செய்தியை மறுபடி படித்தாள். ஏதோ ஒரு கோப்பு இல்லையாம், அது இல்லாமல் வெப்பநிலை பார்க்கிற புரோகிராம் துண்டை மட்டும் சேர்க்க முடியாதாம். மற்றதெல்லாம் சமர்த்தாகச் சேர்ந்துவிட்டது, இது ஒன்றுதான் அடம். காலையில் வந்ததிலிருந்து இதே வேலை. ஏஜென்ட் என்று பேர், சர்வருக்குள்ளேயே குந்திக்கொண்டு அதற்கு என்னென்ன ஆகிறது என்று விடாமல் குறித்துக்கொண்டே இருக்கிற ஒரு புரோகிராம், தரமணியில் வேலை பார்க்கிற கிளாஸ்மேட் ஒருத்தி ஃபிளாப்பிகளில் போட்டுக் கொடுத்தது. வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் வலியுல்லா எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று கேட்டான், கேட்டுவிட்டு அவனே சிரித்தான், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்குக் கொஞ்ச நாளாகவே காலையில் பல் தேய்க்கும்போதே மதியத்தை நினைத்துப் பயம் ஆரம்பித்துவிடுகிறது.

பின்னே பயம் வராதா, மற்ற நாளெல்லாம் கல் மாதிரி ஓடுகிற சர்வர் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் படுத்துவிடுகிறதே. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து ஒரு வெள்ளி தப்பவில்லை. பனகல் பார்க்குக்குப் பின்னால் பாத்திரக்கடைக்கு மாடியில் இருக்கிற ஆபீஸ், அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்கிற குறிப்புகள் லைன் வழியாக இங்கே வந்து சேரும், ஹால் நிறைய உட்கார்ந்திருக்கிற பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார்கள், எல்லாமே அந்த ஒரு சர்வரில்தான் சேரும். அது நின்றால் யாரோ ஒரு அமெரிக்கக் கிழவரின் இருதயம், யாரோ ஒரு குழந்தையின் காதுவலி, எல்லாம் பாதியில் போச்சு, மறுபடி முதலிலிருந்து அடிக்கவேண்டும். பெண்கள் வாய்விட்டுத் திட்டமாட்டார்கள், ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும், அது திட்டைவிட மோசம். ஒருத்தி விளையாட்டாகத்தான் சொன்னாள், "அக்கா மேல போனா போதும், அது இங்க படுத்துக்குது." விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் சொன்னது உண்மைதானே? வெள்ளிக்கிழமை மதியம் ஜஹனாரா மொட்டைமாடிக்குத் தொழப் போவாள், திரும்பி வரும்போது சர்வர் நின்றிருக்கும். வேறு என்ன கணக்கு போடுவார்கள், அவளே அந்தக் கணக்கைத்தானே போட்டுக்கொண்டிருந்தாள். போவதற்கு முன்னால் எதையாவது திறந்து வைத்துவிட்டுப் போகிறேனா, மூடாமல் போகிறேனா, என் கை பட்டு ஏதாவது... எத்தனை தரம் யோசித்தாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை, தட்டுப்படாததனாலேயே பயம் அதிகமாயிற்று. போன வாரம் மேனேஜர் பரத்வாஜ் அவளைக் கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமலே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க ஜஹனாரா. இந்த வாரமும் இப்படி ஆச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு மட்டும் நீங்க மெஷின்கிட்டயே இருந்துடுங்க. வேற வழி தெரியல." மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம், மரியாதையாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது.

அந்த நேரத்துக்கு மட்டும்... அவருக்கு என்ன தெரியும், அவளுக்கு வாரத்தில் இருக்கிறதே அந்த நேரம் மட்டும்தான். வீட்டில் தொழுகை இல்லாமலா, இருக்கிறது, ஆனால் பாயை விரித்தால் பக்கத்தில் மாமியார் ஹாஜிரா பீயின் பாய், அந்தப் பக்கம் குழந்தையின் ஸ்கூல் பை, அடுப்பில் சால்னா, கவனமெல்லாம் அடிபிடிக்கிற வாசனையில். இங்கே மொட்டைமாடியில் பழைய நாற்காலிகளைப் போட்டுவைக்கிற ஒரு சின்ன அறை, வெளியே ஒரு குழாய், கைகால் கழுவிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டால் உலகம் அந்தப் பக்கம் நின்றுவிடும். எப்படி ஆரம்பித்தது அது? வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, ராகுகாலம் முடிந்த கையோடு ஹாலில் பூஜை, விசாலாக்ஷி மாமி கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தாள், டைப் அடித்ததையெல்லாம் கடைசியாகத் திருத்துகிற பெரியவள் அவள், கையில் சிவப்புப் பேனா இல்லாத நேரமே கிடையாது, அன்றைக்குப் பேனாவுக்குப் பதிலாகத் தட்டு. ஜஹனாராவின் மேஜைக்கு வந்ததும் மாமி நின்றாள். நீட்டுவதா வேண்டாமா என்று மாமிக்குத் தெரியவில்லை, ஒற்றிக்கொள்வதா எழுந்து நிற்பதா என்று இவளுக்குத் தெரியவில்லை, இரண்டு பேரும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்கள், மாமி நகர்ந்துவிட்டாள். யார்மேலும் தப்பில்லை, ஆனால் வாரா வாரம் அந்த அசட்டுச் சிரிப்பை எதற்குச் சிரிக்கவேண்டும், அடுத்த வெள்ளி தட்டு கிளம்புவதற்கு முன்னாலேயே இவள் மாடிக்குக் கிளம்பிவிட்டாள், அது அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர்கள் கீழே, இவள் மேலே. கீழே என்ன நடக்கிறது என்று இவள் கேட்டதில்லை, மேலே என்ன செய்கிறாள் என்று அவர்கள் கேட்டதில்லை. கொஞ்ச நாளாக ஒரு அதிசயம் வேறு, அறைச் சுவருக்கு வெளியே புது ஏசியின் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள், அவள் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வரும் மற்ற நாளெல்லாம் லாரி மாதிரி உறுமிக்கொண்டிருக்கும், வெள்ளிக்கிழமை அவள் பாயை விரித்துக் கையைக் கட்டிக்கொண்ட கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும். எனக்காகவே அடங்குகிறதா என்று கூட ஒரு நாள் தோன்றியது. கீழே சர்வர் அறை குளிர்ந்துவிட்டால் அது தானாக நிற்கத்தானே செய்யும் என்று படித்த மூளை உடனே சொல்லிற்று, சரி, சொல்லட்டும், அந்த நிசப்தம் அவளுடையது, அதைப் போய் விட்டுக்கொடுப்பதா?

விடக்கூடாது. கோப்பைத் தேடு. கடைசி ஃபிளாப்பியை மறுபடி போட்டுப் பார்த்தால், இருக்கிறது, ஒரு மூலையில், யார் கண்ணிலும் படாமல், அதை எடுத்து இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டு மறுபடி கட்டளையைத் தட்டினாள், எழுத்துகள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன, பிழை வருகிற இடத்தைத் தாண்டி ஓடின. அல்ஹம்துலில்லாஹ், வாய் தானாக முணுமுணுத்தது. அடுத்து அமைப்புக் கோப்பு, எதையெதைக் கவனிக்கவேண்டும் என்று ஏஜென்டுக்குச் சொல்லிவைக்கிற பட்டியல். இதை எழுதியவன் யாரோ, எந்தக் குளிர் தேசத்திலோ உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறான், புத்திசாலி, ஏஜென்டுக்கென்று சொந்தமாக ஒன்றும் தெரியாது, கேட்கத் தெரியும், எழுதத் தெரியும், அவ்வளவுதான், ஒவ்வொன்றைத் தெரிந்துகொள்வதற்கும் ஒவ்வொரு துண்டு, ப்ளக்-இன் என்று பேர், ஒன்றுக்கு மெமரி மட்டும் தெரியும், ஒன்றுக்கு டிஸ்க், ஒன்றுக்கு யார் யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்பது, ஒன்றுக்குச் சூடு. கோப்பில் எல்லாமே வரிசையாக இருந்தன, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஹாஷ் என்கிற வேலிக் குறி ஒன்றைப் போட்டு அடைத்து வைத்திருந்தான், அந்தக் குறியை அழித்தால் அந்த வரி விழித்துக்கொள்ளும். அவள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். குறித்ததையெல்லாம் சர்வரில் வைக்காதே, அது செத்தால் குறிப்பும் சேர்ந்து சாகும், என் மேஜையில் இருக்கிற பிசிக்கு அனுப்பு, அங்கே கோடாக வரை, எது எல்லை மீறினாலும் கத்து. பரத்வாஜ் பின்னால் வந்து நின்றது செண்ட் வாசனையில் தெரிந்தது. "டெம்பரேச்சரா? ஏசி ரூம்ல சூடு எங்கேர்ந்து வரும் ஜஹனாரா, அத விட்டுட்டு மெமரியப் பாருங்க, எனக்கென்னமோ மெமரிலதான் ப்ராப்ளம்னு தோணுது." இருக்கலாம், அவர் சொல்வதுதான் நியாயம், யாராவது சொன்னால் உடனே அதுதான் நியாயமாகப் படுகிற புத்தி வேறு இவளுக்கு... அந்த வரியின் வேலிக்குறியின்மேல் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. காஸை மூடினோமா. மூடியிருப்போம், எப்போதும் மூடித்தான் இருக்கிறது, இருந்தாலும் போய்ப் பார்ப்பது இல்லையா. "இருந்துட்டுப் போகட்டும் சார், சேத்தாச்சு," என்றாள், குறியை அழித்தாள், ஏஜென்டைக் கிளப்பிவிட்டாள். அவள் மேஜை பிசியில் கோடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. மெமரி நல்ல பிள்ளை மாதிரி நேராக. டிஸ்க் நேராக. சூடு, நேர்க்கோடு, குளுகுளுவென்று கீழே. பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது, கூடவே, எல்லாம் இத்தனை ஒழுங்காக இருந்தால் அப்புறம் தப்பு நான்தானா என்றும் இருந்தது.

ராகுகாலம் முடிந்துவிட்டது, ஹாலில் நாற்காலிகள் நகர்ந்தன, சாம்பிராணி வாசனை வந்தது, சுண்டல் வாசனை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. போவதா இருப்பதா? இன்றைக்கு ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டால்... இருந்தால் பரத்வாஜ் சொன்னதை அவர் சொல்வதற்கு முன்னாலேயே செய்தது ஆகிவிடும், இன்றைக்கு இருந்தால் அடுத்த வெள்ளியும் இருக்கவேண்டும். அதோடு, இருந்து பார்ப்பதற்குத்தானே இத்தனை பாடுபட்டு ஒருவரை உள்ளே உட்கார வைத்திருக்கிறாய், அவரை நம்பவில்லை என்றால் யாரை நம்புவாய். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள், தன் பிசியின் ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கத் திருகி வைத்தாள், மூன்று படி ஏறியவள் இறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். மாடியில் வெயில் காலைப் பொசுக்கியது. குழாயில் முதலில் வெந்நீர்தான் வந்தது, விட்டுவிட்டுக் கழுவினாள், கை, முகம், முழங்கை, பாதம். அறைக்குள் போய்ப் பாயை விரித்தாள். தொழப்போகிறேன் என்று மனசுக்குள் நிய்யத் வைத்தாள். வெளியே ஏசிப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, வைகிற கிழவன் மாதிரி விடாமல், பிறகு, அவள் குனிந்து நிமிர்வதற்குள், ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு நின்றது. அப்பாடா, என்று நெஞ்சு ஒரு நொடி இளகியது. எங்கேயோ தூரத்தில் மசூதியில் குத்பா பிரசங்கம் நடக்கிற சத்தம், கீழே உஸ்மான் ரோட்டில் புடவைக்கடைக் கூட்டத்துக்கு நடுவே ஆட்டோ ஹாரன், எல்லாம் மெல்லியதாக. இந்த வாரமாவது ஒழுங்காகத் தொழு, மெஷினை நினைக்காதே. நினைக்காதே என்றதுமே வந்து நின்றது. நெற்றியைத் தரையில் வைத்திருக்கும்போது கண்ணுக்குள் கோடுகள் ஓடின. இது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா, எத்தனை சுற்று ஆயிற்று? போன வாரங்களிலெல்லாம் தொழுதுவிட்டுக் கையேந்திக் கேட்டதும் அதைத்தான், ஆண்டவனே, அந்தச் சர்வர் நிற்காமல் பார்த்துக்கொள், வெட்கமாகக்கூட இருந்தது, ஊரில் எத்தனை பேர் எதற்கெதற்கோ அழுதுகொண்டு கேட்கிறார்கள், நான் ஒரு பெட்டிக்காகக் கேட்கிறேனே என்று. கேட்டுவிட்டுக் கீழே போனால் நின்றிருக்கும். ஒரு வேளை பெட்டிக்காகக் கேட்கக்கூடாதோ?

தொழுகையை முடிக்க வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னாள். இடப்பக்கம் திரும்பியபோது கதவிடுக்கில் ஒரு மாம்பழ நிறப் புடவை தெரிந்தது. விசாலாக்ஷி மாமி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கொதிக்கிற தரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு, சுவரோரத்து நிழலுக்குள் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தாள், ஒரு கையில் விபூதித் தட்டு, இன்னொரு கையால் முந்தானையைப் பிடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு. எத்தனை நேரமாக நிற்கிறாள்? "மாமி?" என்றாள் ஜஹனாரா. "முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னா சீக்கிரம் வாடிம்மா, உன் மேஜைல அது கத்தறது, நிக்கவே மாட்டேங்கறது, பரத்வாஜ் எதையோ தட்டிப் பாத்தான், இன்னும் ஜாஸ்தியாக் கத்தறது." ஜஹனாரா பாயை மடிக்கக்கூடத் தோன்றாமல் எழுந்தாள். "ஏன் மாமி, உடனே கூப்ட்டிருக்கலாம்ல?" மாமி அவளை ஒரு பார்வை பார்த்தாள், எழுத்துப்பிழையைப் பார்க்கிற அதே பார்வை. "நன்னாருக்கே. நீ தொழுதுண்டு இருக்கே, நடுவுல எப்படிக் கூப்பிடறது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கும்போது ஜஹனாராவுக்கு அடுத்து என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது, அந்தப் பயத்துக்கு நடுவிலும் மாமியின் சுட்ட பாதங்கள் எங்கேயோ ஓர் ஓரத்தில் ஞாபகத்தில் நின்றன.

கோடு. மேஜையில் பிசி கத்திக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தாள், காலையிலிருந்து தரையோடு தரையாகக் கிடந்த சூட்டுக்கோடு ஓரிடத்தில் தலையைத் தூக்கி, அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே, ஏறிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் போனால் மெஷின் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிற எல்லை. மற்ற கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. மெமரி இல்லை, டிஸ்க் இல்லை, யாரும் உள்ளே நுழைந்து எதையும் செய்யவில்லை, அவளும் எதையும் திறந்துவைத்துவிட்டுப் போகவில்லை. சூடு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சர்வர் அறைக்குள் போனாள், முகத்தில் அடுப்படி மாதிரி அடித்தது, சர்வரின் நெற்றியில் புதுக் குங்குமம், முன்பக்கம் காற்று வாங்குகிற சல்லடைமேல் ஒரு முழம் மல்லிகைப்பூ, தரையில் கற்பூரக் கரி. ஏசி நிசப்தமாக இருந்தது. நிசப்தமாக... அவளுக்குத் தெரிந்த நிசப்தம். சுவிட்ச் அணைத்திருந்தது. அவள் போட்டாள், ஏசி உடனே வரவில்லை, ஸ்டெபிலைசர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளாவிட்டால்தான் என்ன குடியா முழுகிவிடும், கதவை அகலத் திறந்து நாற்காலியை முட்டுக் கொடுத்தாள், பூவை எடுத்து மெல்ல மேலே வைத்தாள், மாமி யாரும் சொல்லாமலே ஹாலிலிருந்து டேபிள் ஃபேனை வயரோடு இழுத்துக்கொண்டு வந்தாள். ஹாலில் பெண்கள் சுண்டல் தொன்னையைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார்கள். நிற்காதே, நின்றுவிடாதே, அல்லா, இன்னும் கொஞ்சம்... மாடியில் எங்கேயோ அந்தப் பெட்டி ஒரு குலுக்கல் குலுக்கி உறுமியது. இவ்வளவு இனிமையான உறுமலை அவள் அதுவரை கேட்டதில்லை. கோடு இன்னும் ஏறியது, தயங்கியது, படுத்தது, பிறகு ஒரு துளி, கண்ணை மூடித் திறந்தால் தப்பவிட்டுவிடுகிற அளவு ஒரே ஒரு துளி, இறங்கியது. பிசி கத்துவதை நிறுத்தியது. யாரோ ஒரு பெண் தொன்னைக்குள் கையை விட்டாள்.

நான் இல்லை. முதலில் வந்தது அதுதான், நான் இல்லை, நான் இல்லவே இல்லை, உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிடலாம் போல இருந்தது. அடுத்த நொடியே பகீரென்றது. அப்படியென்றால் யார்? பூஜைக்கு யாரோ ஏசியை அணைக்கிறார்கள், அணைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள், அப்புறம் ஞாபகம் வந்து போடுகிறார்கள், அவள் இறங்கி வருவதற்குள் அறை மறுபடி குளிர்ந்துவிடுகிறது, அதனால்தான் எப்போது வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. சரி, இதை எப்படிச் சொல்வது, உங்கள் கற்பூரத்தால்தான் சர்வர் சாகிறது என்று, அதுவும் நான், இந்த ஆபீஸில் அத்தனை பேர் இருக்க அதைச் சொல்லவேண்டிய ஆள் நானாகத்தான் இருக்கவேண்டுமா? சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அதற்கப்புறம் சுண்டல் கொடுக்கும்போது ஒரு சின்ன இடைவெளி விழும், அது போதும். மெமரி என்று சொல்லிவிடலாமா? ஏதாவது வயர் என்று... பரத்வாஜ் வந்து குனிந்து கோட்டைப் பார்த்தார், அதன் முதல் ஏற்றத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை ஜஹனாரா பார்க்காதது போல் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்துவிட்டாள், சிவப்புப் பேனாவால் கோட்டின்மேல் தொட்டுக் காட்டினாள். "இது என்னது? இங்கேர்ந்துதானே தூக்கறது? இது நான் ஆரத்தி எடுத்துண்டு உள்ள போன நேரம்னா." மாமி பேனாவைத் திரையிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். "பரத்வாஜ், நீதானேடா ஏசிய அணைச்சே?" பரத்வாஜ் கழுத்தைச் சொறிந்துகொண்டார், ஆமாம், புது ஏசி வந்த முதல் வெள்ளிக்கிழமை அதன் காற்றில் கற்பூரம் அணைந்துபோயிற்று, மாமிக்கு முகமே செத்துவிட்டது, அதனால் அடுத்த வாரத்திலிருந்து ஆரத்திக்கு முன்னால் அவரே அணைத்துவிடுகிறார். "சாப்ட்டுட்டு ஞாபகமாப் போட்டுடறேனே மாமி, ஒரு வாரம்கூட விட்டதில்ல," என்றார் பாவமாக. "நன்னாப் போட்டே. அந்தப் பொண்ண வாரா வாரம் நிக்கவெச்சுக் கேள்வி கேட்டியே, இதக் கேட்டியோ?" என்றாள் மாமி. பிறகு ஜஹனாராவின் பக்கம் திரும்பி, "அணைஞ்சா அபசகுனம்னு நான்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டேன், இவன் மேல மட்டும் என்ன சொல்றது. இனிமே கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னு காட்டிட்டுப் போயிடறேன், அதுக்குக் கண்ணு தெரியாமயா இருக்கு, பாத்துக்கும்," என்றாள். அதுக்கு என்றது சர்வரையா சாமியையா என்று ஜஹனாராவுக்கு விளங்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, பெண்களும் சிரித்தார்கள், பரத்வாஜும் கடைசியில் சிரித்துத் தொலைத்தார். "வெள்ளிக்கிழமை விஷயம் நான் சொன்னத மறந்துடுங்க ஜஹனாரா," என்றார், இந்த முறை நேராகப் பார்த்து. மாமி ஒரு தொன்னைச் சுண்டலை அவள் மேஜையில் வைத்தாள், வைப்பதா வேண்டாமா என்று யோசிக்காமல்.

சாப்பிட்டாள். மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல், பீச்சில் விற்பதைவிட நன்றாக இருந்தது, இத்தனை நாள் இதன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு மாடியேறியிருக்கிறேனே. கோடு இறங்கி இறங்கிக் காலையில் இருந்த இடத்துக்கே வந்து சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. ஹாலில் மறுபடி ஹெட்போன்கள் ஏறின, விரல்கள் தட்ட ஆரம்பித்தன, அமெரிக்கக் கிழவர்களின் இருதயங்களெல்லாம் பத்திரம். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, வீட்டுக்குப் போனதும் வலியுல்லாவிடம் சொல்லவேண்டும், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பணம் கொடுத்துவிட்டான் என்று சொன்னால் சிரிப்பான். அப்போதுதான் பாய் ஞாபகம் வந்தது. விரித்தது விரித்தபடி கிடக்கும், கையேந்தி துஆ கூடக் கேட்காமல் ஓடி வந்துவிட்டோமே. மேலே போனாள். இந்த முறை பிசியின் ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, பாதிப் படியில்தான் அது தோன்றாததே தோன்றியது. கதவைத் திறந்ததும் ஏசிப் பெட்டியின் உறுமல் காதை அடைத்தது, சுவர்கூட லேசாக அதிர்ந்தது. இதற்கு அடங்கத் தெரியாது, இனிமேல் ஒரு வெள்ளியும் அடங்காது, அடங்கினால்தான் பயப்படவேண்டும். எனக்காக அடங்குகிறது என்று நினைத்தேனே. அந்த நிசப்தத்தில் உட்கார்ந்துகொண்டுதானே அந்தச் சர்வரைக் காப்பாற்று என்று கேட்டேன், வாரா வாரம், கண்ணீர் மல்க, காது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன... சிரிப்பும் வந்தது, சிரிப்போடு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. பாயில் உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று இரண்டு கைகளையும் ஏந்தினாள். ஒன்றும் வரவில்லை. கோடைகாலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்கவேண்டியதில்லை, அது நடந்தாயிற்று, அதுவும் இன்றைக்கு அவள் கேட்காமலே நடந்தாயிற்று. சரி, அதற்கு முன்னால், இந்தச் சர்வரும் வெள்ளிக்கிழமைப் பயமும் வருவதற்கு முன்னால், இதே அறையில் இதே பாயில் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், வாரம் தவறாமல், உருகி உருகி, அது என்னது? பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஏந்திய கைகள் ஏந்தியபடியே இருக்க, ஜஹனாரா அதை ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள்.